திடீர்னு இல்ல, திக்குன்னு

ஜுபைலில், மூன்றாம் கேட்டுக்கு உள்ளே,
கன்டெய்னரை வெட்டி ஜன்னல் வைத்த அறை.
ஏசிக் காற்றில் ஈரச் சாக்கின் வாசனை.
மேஜைக்கு அந்தப் பக்கம் ஹுஸாம், மிஸ்ரி,
பேனாவை மூடியோடு கடிக்கிறவர்.
இந்தப் பக்கம் பிச்சைக்கனி.
நடுவில் நான், மணிக்கு நாற்பது ரியால்.

தவசிமணி விழுந்தது செவ்வாய்க்கிழமை,
பகல் பதினோரு மணிக்கு, சாரத்தின் மூன்றாம் தட்டிலிருந்து.
இடுப்பெலும்பு. உயிருக்கு மோசமில்லை.
கூட இருந்த ஒரே ஆள் பிச்சைக்கனி.

என்ன நடந்தது என்று அவர் அரபியில் கேட்டார்.
நான் தமிழில் கேட்டேன்.
"திக்குன்னு ஆயிட்டு சார்."

ஃபஜ்அத்தன், என்றேன்.
காயல்பட்டினத்து ஓதப்பள்ளியில்
பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த சொல்.
எதிர்பாராமல், சட்டென்று, கண்மூடித் திறப்பதற்குள்.
ஹுஸாமுக்கு முகம் மலர்ந்துவிட்டது.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
எதிர்பாராதது. முன்பே தெரிந்தது.
முதல் கட்டத்தில் டிக் அடித்தால்
எல்லோரும் சாப்பிடப் போகலாம்.
பலகை நழுவும், ஆள் விழுவான்,
காற்றிடம் யார் போய்ச் சம்பளம் பிடிப்பது?

டிக் அடித்தார்.

பிச்சைக்கனி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"என்ன எழுதுதாரு சார்?"
"திடீர்னு நடந்துச்சுன்னு."
"திடீர்னு இல்ல சார். திக்குன்னு."

ரெண்டும் ஒண்ணுதானப்பா என்று வாயெடுத்தேன்.
எடுத்த வாய் அப்படியே நின்றது.

திடீர் ஆளுக்கு வெளியே நடக்கிறது.
மழைக்குப் போதும், விருந்தாளிக்குப் போதும்,
பாக்கெட்டில் வரும் இட்லி மாவுக்கும் போதும்.
திடுக்குக்கு ஓர் உடம்பு வேண்டும்:
தோளில் கை விழும், தூக்கிவாரிப் போடும்,
திரும்பினால் ரூம்மேட், சிரித்துவிடலாம்.
பகீர் வயிற்றில்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் நம்பர் அடித்தால்
எடுப்பதற்குள் வந்துவிடும்.
துணுக்குறுவது எழுத்தில் மட்டும்;
யாரும் துணுக்குற்று நான் பார்த்ததில்லை.

திக் நெஞ்சில்.
பெரும்பாலும் அதற்கு விழுந்தது தெரியாது,
விழப்போவது தெரியும்.

"எப்போ திக்குன்னுச்சு?"

"காலைல, ஆறு மணிக்கு, ஏறும்போது.
கிளாம்புல போல்ட்டு இல்ல.
போர்மேன்ட்ட சொன்னேன், அஞ்சு நிமிசத்துல வாரேன்னாரு.
பொறவு அஞ்சு மணி நேரம்
திக்குதிக்குன்னுதான் இருந்துச்சு.
தவசி விழுந்தப்போ..."

சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"விழுந்தப்போ ஒண்ணுமே தோணல சார்.
அதான் எனக்கு அசிங்கமா இருக்கு."

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன் ஹுஸாமிடம்.
ஒரு சொல்லைக் கொடுக்க ஒரு நொடி ஆனது.
திருப்பி வாங்கக் கால் மணி நேரம்.
நகர்ந்தால்தானே அந்த டிக்!
"சரி, அப்படியென்றால் என்னதான் அர்த்தம்
அந்தச் சொல்லுக்கு?" என்றார், மூடியைக் கடித்தபடி.
அரபியில் தேடினேன். கிடைத்ததெல்லாம் பதினோரு மணிக்கானவை.
கடைசியில் நெஞ்சில் விரலால் ஒரு தட்டுத் தட்டி
"ஆறு மணி," என்றேன்.

வெகுநேரம் என்னைப் பார்த்தார்.
முதல் கட்டத்தை அடித்தார்.
இரண்டாவதில் அழுத்திப் போட்டார்;
அடியில் இருந்த கார்பன் காப்பியிலும் இறங்கியிருக்கும்.
கையெழுத்து என்றார். பிச்சைக்கனி போட்டான், தமிழில்,
பின் நானும்.

வெளியே வெயில் ஆளைத் தள்ளியது.
ஹெல்மெட் வாரைத் தாடைக்கடியில் இழுத்துப் பார்த்துவிட்டு
இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தான் அவன்.
பஸ்ஸுக்கு நடக்கும்போது
பையிலிருந்த என் அடையாள அட்டை கையில் தட்டுப்பட்டது.
அதிலும் அதே கம்பெனியின் பெயர்தான்.

திக்கென்றது.
மணி மூன்றே கால்.