குறிப்பிட ஏதுமில்லை

எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில்
மிஸ்திரால் காற்று தள்ளித்தான்
ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்தேன்.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
பூட்டிவைத்த பையில் புளிச்சோறும்
கைபேசியில் அத்தையின் குரலும் கிடக்கின்றன:
"சைகோன்ல பெரிய தொரையா இருந்தாருடா,
நல்லாத் தேடு."

பெட்டியில் சாயம்போன நாடா. அவிழ்க்கிறேன்.
அருளப்பன் ப்ரொஸ்பெர்.
பிறப்பு காரைக்கால், ஏறத்தாழ 1859.
உயரம் ஒரு மீட்டர் அறுபத்திரண்டு.
கலங்கரை விளக்கில் காவலர், மூன்றாம் நிலை.
நான்காம் நிலை என்று ஒன்று இல்லை.

ப்ரொஸ்பெர் என்றால் செழிப்பு.
பழைய பெயரைத் துறந்த அன்று
எந்த எழுத்தர் எடுத்துக் கொடுத்தாரோ,
ஐந்து தலைமுறையாக
வங்கிக் கடன் படிவங்களில்
அதைத்தான் நிரப்பி வருகிறோம்.

பதினோரு ஆண்டுகள் தவறாமல் விளக்கேற்றியிருக்கிறார்.
பதினோரு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே வரி:
'குறிப்பிட ஏதுமில்லை.'

ஏற்றாத ஓர் இரவுக்கு
ஒன்பது பக்கங்கள்.

கப்பல் தலைவன் ஒருவனின் புகார்.
எண்ணெய்க் கணக்கு, குறைவில்லை.
வானம், தெளிவு.
குடித்திருந்தாரா? இல்லை.
காய்ச்சலா? இல்லை.
பின் ஏன்?
மொழிபெயர்ப்பாளர் சாய்ந்த கையெழுத்தில் எழுதுகிறார்:
'இருட்டு எப்படி இருக்கும் என்று
பார்க்க விரும்பியதாகச் சொல்கிறார்.'

பக்கத்து மேசையில் யாரோ தும்முகிறார்கள்.
அந்த வரியை இரண்டு முறை எழுதிக்கொள்கிறேன்.
தமிழில் என்ன சொல்லியிருப்பார்?
"சும்மாதான்" என்றிருப்பார்.
சும்மாவுக்கு பிரெஞ்சில் சொல் கிடைக்காமல்
அந்த மனிதர் வியர்த்து வியர்த்து
ஒரு வாக்கியம் கட்டியிருப்பார்.
அல்லது உண்மையிலேயே அப்படித்தான் சொன்னாரோ என்னவோ.

பதினைந்து நாள் சம்பளம் வெட்டு.
ஒப்புக்கொண்டு கையெழுத்து, தமிழில்:

அருளபபன

ஒரு புள்ளி இல்லை.
குத்தினால் ஓலை கிழியும் என்று
சிறுவயதில் பழகிய கை
காகிதத்தையும் நம்பவில்லை.
ப்ரொஸ்பெரை எழுதவே இல்லை.
அருள, ப, ப, ன என்று
வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது,
காவலாளி நிமிர்ந்து பார்க்கிறாள்.

பெட்டியின் அடியில்
ஊருக்குப் போக விடுப்புக் கேட்டு மூன்று மனுக்கள்.
மூன்றின் மேலும் குறுக்காக, நீல மையில், மறுப்பு.
கடைசி மறுப்பின் தேதி
அந்த இரவுக்கு நான்கு நாள் முந்தியது.

நான் எதையும் முடிச்சுப் போடவில்லை.
நாடாவுக்கு மட்டும் போட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் அத்தையை அழைத்தேன்.
தொரை இல்ல அத்தை.
ஒரு ராத்திரி லீவு எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான் இருக்கு.
காற்று வாய்க்குள் புகுந்து பாதியை எடுத்துக்கொண்டது.
"என்னது? என்ன எடுத்துக்கிட்டாரு?"
என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்,
புளிச்சோற்று டப்பாவை
ஒற்றைக் கையால் திறக்கப் பார்க்கிறேன்.