பால் இறங்காத தண்டு

ராயக்கோட்டைக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி,
திம்மராயனின் முக்கால் ஏக்கர்.
அங்கே தக்காளி பச்சையாகவே வாடும்.
மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, புழு இல்லை.
காலையில் நின்றது
மாலையில் தலை தொங்கும்,
கடன் கேட்கப் போய் வாசலிலேயே நிற்கிறவனைப் போல.

தண்டைக் குறுக்கே அறுத்துத்
தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு வெட்டுவாயிலிருந்து வெண்ணூல் ஒன்று,
தலைகீழாய்ப் போகும் புகை மாதிரி, இறங்கியது.
"பாலாட்டம் இருக்கு மேடம்" என்றான்.
ஒரு சொட்டில் கோடிக் கிருமி.
அதை நான் சொல்லவில்லை.

காளானை நான் தேடிப் போகவில்லை.
பாலக்கோட்டில் சபீனாவின் சிப்பிக்காளான் கொட்டகை.
அறுவடை முடிந்த பைகளைப் பின்னால் கொட்டிவைப்பாள்.
அந்தக் குப்பையில் தானாய் முளைத்த தக்காளி
அக்கம்பக்கமெல்லாம் செத்த வருஷமும்
வெட்கமில்லாமல் காய்த்துக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான் தொடக்கம்.

காளான் இழை ஊறிய நீரை வடித்தேன்.
பதினாறு தட்டுகள் பூசணம் பிடித்து எறிந்தேன்.
பதினேழாவதில்
கிருமி பரப்பிய வெண்படலத்தின் நடுவே,
சாறு நனைத்த காகிதப் பொட்டைச் சுற்றி
ஒரு தெளிந்த வட்டம்.
பதினோரு மில்லிமீட்டர்.
ஸ்கேலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.
வைக்கோலைத் தின்று வளர்கிற மெத்தென்ற ஒன்று
"இதுக்கு மேல வராதே" என்கிறது.

தட்டு வேறு, மண் வேறு.
மண்ணில் மழை உண்டு, ஆடு உண்டு,
திம்மராயனின் மைத்துனன் சொல்லாமல் ஊற்றிய மருந்து உண்டு.
நாற்பது வரிசை.
இருபதுக்குச் சாறு, இருபதுக்கு வெறும் தண்ணீர்.
எது எதுவென்று அவனுக்குச் சொல்லவில்லை.
ஐம்பதாம் நாள் அவனே சொன்னான்.

இருந்தும் கணக்கு எழுத வேண்டும்.
நிற்கிற செடி நோயில்லாமல் நிற்கிறதா,
நோயை மறைத்துக்கொண்டு நிற்கிறதா,
அறுத்தால்தான் தெரியும்.
சீட்டுப் போட்டோம்.
ஒன்பதாம் வரிசை, நான்காவது செடி.
இடுப்புயரம். கொத்துக் கொத்தாய்க் காய்.
"ஓரத்துல ஒண்ணு சவலையா கெடக்கு, அதை எடுங்களேன்."
சீட்டு ஒத்துக்கொள்ளாது என்றேன்.
கத்தியை வாங்கிக்கொண்டு அவனே குனிந்தான்.

தம்ளர்.
ஒரு நிமிஷம். மூன்று. ஐந்து.
தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

நோட்டில் பூஜ்யம் போட்டேன்.
இதைவிட நல்ல எண் நான் எழுதியதில்லை.
அவன் தம்ளர் பக்கம் திரும்பவேயில்லை.
அறுத்த செடியை மடியில் சாய்த்து
காய்களைத் துண்டில் பறித்துக்கொண்டிருந்தான்.
"தொவையலுக்கு ஆகும்" என்றான்,
என்னிடமா, அதனிடமா, தெரியவில்லை.