ஒன்றரை லீற்றர்

நாலு லீற்றர்க் கலன். மிச்சம் ஒன்றரை.
தடை வந்த வாரம் கடைக்காரன் இஸ்மாலெவ்வை
தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"வித்த எண்ணெய நான் திருப்பி எடுக்கிறல்ல காக்கா."

கமநல நிலையத்தில் ஒரு தாள் தந்தார்கள்.
புதைக்காதே. எரிக்காதே. வாய்க்காலில் ஊற்றாதே.
பழைய இரும்பு வாங்குகிறவனுக்குக் கொடுக்காதே.
கலன் கழுவிய தண்ணீரையும் நிலத்தில் கொட்டாதே.
நல்ல தெளிவான அச்சு.
என்ன செய்யலாம் என்று பின்பக்கம் திருப்பினேன்.
வெள்ளை.

பிரதேச சபைக் குப்பை மெசினில் இதற்குப் பெட்டி இல்லை.
அம்பாறைக்குப் போ என்றார்கள், போனேன்.
அங்கே ஒரு பெண் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு
கொழும்பு நம்பர் ஒன்று எழுதித் தந்தாள்.
அது மணியடித்தது. ளுஹர் முடிந்தும் மணியடித்தது.

டாங்கிக்கும் என் வயிற்றுக்கும் நடுவில்
போக வர மோட்டார்சைக்கிளில் இருந்த களைநாசினி
களைக்கவில்லை. நான்தான்.

மாமரத்தடியில் தோண்டினால்
கிணறு ஒன்பது முழம்.
வாய்க்கால் எங்கள் வட்டையோடு நிற்காது,
கிட்டங்கிக்குப் போகும். அங்கே வலை வீசுகிற தங்கவடிவேல்
வெள்ளத்தில் என் மாடு இரண்டைக் கரையேற்றியவன்.
இருந்தும் ஓர் இரவு
மூடியைத் தளர்த்திக்கொண்டு வரம்பில் நின்றேன்.
ஒருவரும் இல்லை.
தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
பிறகு இறுக்கி மூடினேன்.

நடுவில் ஒருமுறை தடையை எடுத்தார்கள்.
அதற்குள் கலனில் திகதி முடிந்திருந்தது.

சாமான் அறை மூலையில், சீமெந்தைத் தின்று
ஒரு வட்டம் போட்டிருக்கிறது.
சீனி மூட்டைக்குப் போகிற எறும்புகள்
அந்த இடத்தில் வளைந்துதான் போகும்.
ஒன்பது வருடமாக அதே வளைவு.

இன்று மகள் ஜெஸீமாவுக்கு வீடு எழுதுகிறேன்.
இந்தப் பக்கத்து வழக்கம், வீடு பெண்பிள்ளைக்கு.
நொத்தாரிசு வாசிக்கிறார்:
வளவு, கல்வீடு, கட்டுக்கிணறு,
காய்க்கும் தென்னை நாலு, மா ஒன்று.
"வேற ஏதும் இருக்கா?"

நான் தலையாட்டப் போனேன்.
"இருக்கு," என்கிறாள் மகள்.
"சாமான் அறைக் கலன். அதையும் எழுதுங்க.
நாளைக்கு ஆரும் கேட்டா
எனக்குத் தெரியாதெண்டு இருக்கப்படா."

நொத்தாரிசு எழுதுகிறார்.
எழுதி, பேனாவை எடுக்காமல்,
இதற்குப் பெறுமதி எவ்வளவு போட
என்று என்னைக் கேட்கிறார்.