பிடி

மூன்றாவது கியரில் த்ராட்டிலைக் கட்டைவிரலால் அழுத்த அழுத்த
சத்தம் மட்டும் குன்றேறிப் போகிறது.
வண்டி ஈரப்பாசியில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.
பின்னால் டிரெய்லரில் எட்டுச் சுருள் வேலிவலை.
வியாழக்கிழமை துருவமான் கன்றுகளுக்குக் காதில் குறி வெட்ட வேண்டும்.
இன்று செவ்வாய், ராத்திரி பதினொன்று,
சூரியன் கண்ணைக் குத்துகிறது.

பெல்ட் வண்டியென்றால் பெல்ட்டைப் பார்த்திருப்பேன்.
இது பழசு. கிளட்ச்
ஆயிலுக்குள்ளேயே குடியிருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் மூன்று வாரமாகச் சொல்லிவந்தேன்.
காரணத்தின் பெயர் ஹெய்க்கா, தங்கையின் புருஷன்,
லீவரைப் பாதி பிடித்தபடியே ஓட்டுகிறவன்.
பிள்ளைகள் எதிரில், சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டேன்,
பிளேட்டையெல்லாம் தின்றுவிட்டாயா என்று.
அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.
அதுவே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

டிரெய்லரைக் கழற்றிவிட்டு
நியூட்ரலில் உருட்டி வந்தேன் படகுக் கொட்டகைக்கு.

முதலில் லீவர். நுனியில் ஒரு நகக்கனம் தளர்வு, இருக்க வேண்டிய அளவு.
கேபிள் மேல் பழியில்லை.
பிறகு பிரேக்கை இறுக்கி, மூன்றில் போட்டு, கிளட்சை விட்டேன்.
எஞ்சின் அந்தக் கணமே அணைந்திருக்க வேண்டும்.
அணையவில்லை.
பொய் பிடிபட்ட பிறகும் பேசிக்கொண்டே போகிறவனைப் போல
உறுமிக்கொண்டிருந்தது.

ஆயிலை வடித்தேன். கருகல் வாடை.
காப்பிப் பெட்டி அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து
கழற்றிய போல்ட்டுகளை அதனதன் இடத்தில் குத்திவைத்தேன்,
நீளம் ஒன்றுபோல் ஒன்றில்லை.
கேஸ்கெட் கிழிந்தே வந்தது. கொசு
காதுக்குள் போய்த் திரும்பி வந்தது.

பிளேட்டுகளைத் துடைத்து ஒவ்வொன்றாக அளந்தேன்.
கனம் குறையவில்லை.
மறுபடி அளந்தேன்,
குறைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு.
ஸ்பிரிங்குகள் ஆறும் சரியான உயரம்.
தேயவில்லை எதுவும். மினுங்கியது.
சொரசொரப்பாக இருக்க வேண்டிய முகமெல்லாம்
கண்ணாடி மாதிரி.

அப்போதுதான் வலைகளுக்குப் பின்னால் பார்த்தேன்
ஆல்டாவில் தள்ளுபடியில் நான் வாங்கிய கார் ஆயில்.
பாதி காலி.
டப்பாவில் கொட்டை எழுத்தில் பெருமை:
உராய்வைக் குறைக்கும்.

உராய்வைத் தவிர வேறு பிழைப்பில்லாத ஒரு பொருளுக்கு
என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன் அதை,
நல்லது என்று நினைத்து, விளிம்புவரை.

தங்கைக்கு ஒரு வரி அனுப்பினேன்: பிளேட் செட் வேண்டும்.
புதன் மதியம் லாக்செல்விலிருந்து வந்தது,
கொண்டுவந்தவன் ஹெய்க்கா.
கேஸ்கெட்டும் சரியான ஆயிலும் சேர்த்து வாங்கியிருந்தான்.
நான் சொல்லியனுப்பாதது அந்த ஆயில்.

புதுப் பிளேட் ராத்திரி முழுக்க ஆயிலில் ஊற வேண்டும்.
ராத்திரிக்கு எங்கே போவது?
பேக்கிங் தட்டில் ஊறப்போட்டு, கடிகாரத்தில் எட்டு மணி நேரத்துக்கு
ராத்திரி என்று பெயர் வைத்தோம்.

விடிந்ததாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தோம்.
அவன் எடுத்துக் கொடுக்க நான் அடுக்கினேன்,
உராய்வுப் பிளேட், இரும்பு, உராய்வுப் பிளேட், இரும்பு.
ஸ்பிரிங் போல்ட்டை ஆத்திரத்தில் முறுக்கினால் உடையும்;
எதிரெதிராக, கால் சுற்று, கால் சுற்று.

நாலாவது போல்ட்டில் சொன்னேன்:
ஆயில் நான் ஊற்றியது.
தெரியும், என்றான். டப்பாவைப் பார்த்தேன்.
அப்போதே சொல்லக்கூடாதா?
நீ கத்திக்கொண்டிருந்தாய்.

ஐந்தாவதை நீட்டினான்.

மூடி, ஆயில், கிக்.
பிரேக்கை இறுக்கினேன், மூன்றில் போட்டேன்,
லீவரை விட்டேன்.
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி
டக்கென்று செத்தது.

இரண்டு பேரும் கைதட்டினோம்
அணைந்துபோன எஞ்சினுக்கு.
வலையெடுக்க வந்த பக்கத்துக் கொட்டகைக்காரர் நின்று பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனார்.