கட்டாமல் போன சீட்டு

பதினெட்டாம் தேதி என்றால் ஓசுவில்
கோயில் முற்றம் சந்தையாகிவிடும்.
மூக்குடைந்த தேநீர்க் கெண்டி,
யாரோ கல்யாணத்துக்கு உடுத்திய கிமோனோ.
எதை எடுத்தாலும் ஐந்நூறு யென் குவியலில்
தோள்வரை கைவிட்டுத் துழாவும் கல்லூரிப் பிள்ளைகள்
கிழிந்த ஜீன்ஸுக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு,
கண்ணாடி இல்லாததால்,
ஒருவர் போனில் இன்னொருவர் அழகாகிறார்கள்.

நான் இரண்டு தெரு தள்ளி
குசுமோத்தோவின் கடையில் போன் பழுதுபார்க்கிறவன்.
இடப்பக்கம் ஊதுவத்திக் கடை.
வலப்பக்கப் படிக்கட்டு ஏறினால்
பணிப்பெண் வேடமிட்டவர்கள் குனிந்து காபி தருவார்கள்.
பதினொரு வருஷமாக என் சட்டையில்
சந்தனமும் ஈயப்பற்றும் ஒன்றாகவே மணக்கின்றன.

மதியம், சோற்றுருண்டையோடு
கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன்.
தலைக்கு மேல் சிவப்புக் காகித விளக்கு;
ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம், அவ்வளவு பெரிது.
புறாக்கள் என் கையையே பார்த்தன.

அப்போது படியேறி வந்தது ஒரு டிராகன்.

யோகா பாயை வெட்டிச் செய்த செதில்கள்.
வெள்ளிப் பூச்சு முழங்கையில் உரிந்து
உள்ளே ஊதா தெரிந்தது.
இறக்கை இடிக்காமலிருக்கப் பக்கவாட்டில் நடந்து,
நகங்களால் கயிற்றைப் பற்றி மணியை அடித்து,
கொம்பு தரையில் படாத அளவுக்குக் குனிந்தது.
பிறகு நூறு யென் போட்டுக் குடுவையைக் குலுக்கி
ஒரு சீட்டு எடுத்தது.

நேராக என்னிடம் வந்தது.
"இந்த லென்ஸோடு சின்ன எழுத்து தெரியாது.
கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

பெருங்கேடு.
தொலைத்தது கிடைக்காது.
பயணம் வேண்டாம்.
காத்திருக்கும் ஆள் வரமாட்டார்.

பொன்னிற விழிகள் இரண்டும் என் வாயில் இருந்தன.
ஒட்டிய இமைமயிர் ஒரு ஓரத்தில் பிரிந்து
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"சுமாரான நற்பேறு," என்றேன்.
பழைய எழுத்தை வாசிப்பவன் போலக் குரலை இழுத்து,
"தொலைந்தது கிடைக்கும், தேடுகிற இடத்தில் அல்ல.
காத்திருக்கும் ஆள் வருவார்.
தாமதமாக."

கெட்ட சீட்டென்றால்
கம்பியில் கட்டிக் கோயிலிலேயே விட்டுப் போகலாம்;
அங்கே நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன,
ஒன்றும் யார் வீட்டுக்கும் வந்ததில்லை.
நல்லதைத்தான் கூடவே எடுத்துப்போவார்கள்.
பொய் சொல்லும்போது இது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்ப கட்ட வேண்டாம்," என்றது டிராகன்,
மார்க்கவசத்துக்குள் செருகிக்கொண்டது.

வாயில் சோறு.
மென்று விழுங்கி எழுவதற்குள் முற்றத்தில் இல்லை.
ஓடினேன்.
கூரை வேய்ந்த கடைத்தெருவில் அன்றைக்கு
நான்கு டிராகன்கள்.
ஒன்று கபாப் வரிசையில் நின்றது,
ஒன்று ஆண்.

அன்றிரவு பல் துலக்கும்போது நினைத்தேன்:
இந்நேரம் லென்ஸைக் கழற்றியிருக்கும்.

மழைக்காலம் வந்தது. புறாக்கள் விளக்கின் கீழ் ஒண்டின.
ஒரு வியாழக்கிழமை, நீலச் சீருடையில்,
ஏதோ வங்கியிலிருந்து வந்தவள் போல ஒருத்தி
திரை நொறுங்கிய போனை மேசையில் வைத்தாள்.
படிவத்தில் எழுதினாள்: கதோரி நாகிசா.
அந்தப் பெயர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு உறையைக் கழற்றினேன்.
நான்காக மடித்த தாள் விழுந்தது.
மடிப்புகள் நைந்திருந்தன.
ஒரு மூலையில் வெள்ளிப் பூச்சு,
கட்டைவிரல் அகலம்.
'வரமாட்டார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
பென்சிலால், பொடி எழுத்தில்:
தாமதமாக.

புதுத் திரையைப் பொருத்தினேன்.
தூசி ஊதினேன்.
தாளை அதே மடிப்பில் மடித்து, அதே பக்கம் மேலிருக்க வைத்து,
உறையை மூடினேன்.

சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டாள்.
உறையின் முதுகை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்,
பிறகு என் வாயை.
"எவ்வளவு?"

திரைக்கு மட்டும் சொன்னேன்.