எழுநூறு வரைக்கும் இதே ரேட்டு

ஓலப்பாளையத்துக்குக் கிழக்கே, கொறங்காட்டு மூலையில்
போர் வண்டியின் மாஸ்ட்டை நிமிர்த்தும்போது இரவு ஒன்பது.
அளவு நோட்டு தீர்ந்துபோயிருந்தது.
அஞ்சல்வழிப் பாடம், மூன்றாம் தாள்,
‘கிரேக்கர்: இன்பம், அறிவு, நல்வாழ்வு’.
அதன் முதுகில்தான் அடிக்கணக்கு எழுதினேன்.

பத்து. செம்மண்.
நாற்பது. சுக்கான்.
அறுபத்தைந்து. கேசிங் இறங்கியது.
அப்புறம் பாறை, பாறை, வெள்ளை மாவு.

புள்ளி வைத்தது தேங்காய்.
கொளந்தசாமியின் உள்ளங்கையில் படுத்திருந்தது
எழுந்து நின்ற இடம் இதுதானாம்.
மீட்டர் வைத்துப் பார்த்த ஈரோட்டுப் பையன்
தெற்கே நாலடி தள்ளச் சொன்னான்,
கையில் வரைபடம் அச்சிட்ட தாள்.
இருவருக்கும் தெரிந்திருந்தது.
“உங்குளுக்கு எப்படித் தோணுதுங்?” என்று
டிரைவர் அங்கமுத்துவைக் கேட்டார் ராக்கியப்பன்.
இருபத்தாறு வருசம், ஒன்பது மாநிலத்தைத் துளைத்தவன்
பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்,
“எனக்குத் தெரியாதுங்.”

பதினோராம் பக்கத்தில் ஒருவர் வருகிறார்.
செருப்பில்லாமல் ஊரெல்லாம் அலைந்து
தெரியும் என்றவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டவர்.
அவருக்கு விசம் கொடுத்தார்கள்.
அங்கமுத்துவுக்கு டீ கொடுத்தார்கள்.

முந்நூற்று இருபதில் புழுதி அடங்கிச் சேறு துப்பியது.
நானூற்று முப்பதில் ஒன்றரை இஞ்ச்.
தெய்வாத்தா இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டு
“உப்புக் கரிக்கலீங்” என்றார், முகமெல்லாம் சேறாக.
எட்டு மாடு, ரெண்டு ஏக்கர் முருங்கை.
போதும் என்று எனக்கே தெரிகிறது,
பூமிக்காரருக்குத் தெரியாதா?

“இன்னொரு நூறு போட்டுருங்.”

ஐந்நூறு. தண்ணீர் கூடவில்லை.
அக்கட்டால தோட்டத்தில் ஆயிரத்து நூறு ஓட்டினார்களாம்.
“இன்னொரு நூறு.”
நூற்றுக்கு நூறு ரேட்டு ஏறும்,
மஞ்சள் தாளில் அச்சடித்தே வைத்திருக்கிறோம்.
ஆசைக்கு அடிக்கணக்கில் விலைப்பட்டியல் போட்டவன்
ஏதென்சில் இல்லை,
திருச்செங்கோட்டில் எங்கோ இருந்திருக்கிறான்.

ஓட்டைக் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றுவதா வாழ்க்கை
என்று ஒருவர் கேட்கிறார் பாடத்தில்.
ஊற்றுகிறவரைதான் இன்பம், நிறைந்த குடம் வெறுங்கல்
என்கிறார் எதிரில் இருப்பவர்.
ரிக் விளக்கடியில் நின்று படித்தால்
இருவரும் சரி என்றே படுகிறது.
போன தடவை முப்பத்தெட்டு மார்க்கு வாங்கியதும் இதனால்தான்.

இன்னொருவர், தோட்டத்தில் சிநேகிதர்களோடு குடியிருந்தவர்:
வலி நீங்கினால் அதுவே உச்சம்,
அதற்கு மேல் இன்பம் ஏறாது, ரகம்தான் மாறும்.
இந்த வரியை மூன்று வருசமாக மனப்பாடம் செய்கிறேன்.

அறுநூற்றுத் தொண்ணூறு.
கம்ப்ரசர் ஹோஸ் வெடித்தது.
எஞ்சினை நிறுத்தினான் அங்கமுத்து.
மணி மூன்று நாற்பது.

காதுக்குள் ஏழு மணி நேரம் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ
இறங்கிப் போனார்கள்.
ராடு மாற்றும் மன்கூ, சத்தீஸ்கர்க்காரன்,
காதுத் துணியை உருவிவிட்டுச்
சும்மாவே சிரித்தான்.
வேலாமரத்தடியில் மாடு அசை போடும் சத்தம்.
குழிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம்.
யாரும் எங்களுக்கு எதுவும் தரவில்லை.
இருந்த ஒன்றை எடுத்தார்கள், அவ்வளவுதான்.
ராக்கியப்பன் கேசிங் பைப்பின் மேல் உட்கார்ந்து
துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.
அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்க்கவில்லை.
போதும் என்று சொல்லிவிடுவார் போலிருந்தது.
டீசல் கணக்கெழுதுகிற நானே சொல்லட்டும் என்று வேண்டினேன்.

இருபது நிமிசத்தில் ஹோஸ் மாட்டியாயிற்று.
“ஓட்டலாங்களா?”
அவர் தண்ணீரைப் பார்த்தார். தெய்வாத்தாவைப் பார்த்தார்.
தெய்வாத்தா மாட்டைப் பார்த்தார்.

“எழுநூறு வரைக்கும் இதே ரேட்டுத்தானுங்களே?”

மன்கூ துணியைச் சுருட்டி மறுபடி காதில் திணித்தான்.
எழுநூறு என்று நான் எழுதியபோது
அழுத்திவிட்டேன் போல. தாளைத் திருப்பினால்
நான்காம் கேள்வியின் மேல் மை ஊறியிருந்தது:
‘இன்பத்துக்கு எல்லை உண்டா? விவரி.’
இருபது மதிப்பெண்.