ஏழு மா

சங்கிலி என் வரப்பைத் தாண்டி
இருபது அடி போய் நின்றது.
சர்வேயர் தையல்நாயகி
படத்தை என் சைக்கிள் சீட்டில் விரித்தார்.
"இதுவரைக்கும் ஏரிங்க."
அவர் கை நீட்டிய இடத்தில்
என் பொன்மணி
பால் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியாததா.
பதினெட்டு பி-மெமோ ரசீது
டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது,
பட்டா மாதிரி மடித்து.
தண்டம் கட்டினால் நிலம் சொந்தமாகும் என்று
யாரும் சொல்லவில்லை.
ஆகாது என்றும்
சத்தமாகச் சொல்லவில்லை.

நூற்றுப்பத்து ஏக்கர் வெள்ளங்கால் ஏரி
முப்பத்தெட்டாய்ச் சுருங்கினதில்
என் பங்கு ஏழு மா.
மிச்சத்தை நெய்வேலிக் காட்டாமணக்கு தின்றது,
ஆகாயத்தாமரை தின்றது,
பெயர் சொன்னால் வம்புக்கு வரும்
இரண்டு பேர் தின்றார்கள்.
அவர்கள் மன்னார்குடியில் வக்கீல் வைத்திருக்கிறார்கள்.

செங்கமலம் கரையில் நின்று பார்த்தாள்.
ஊத்தா போட்டு, நத்தை பொறுக்கி,
கோரை அறுத்து வயிறு வளர்த்தவள்.
கெளுத்தி அகப்படாத வருஷம்
மகனைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டவள்.
என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"அறுத்துக்கிட்டுப் போவட்டும்ங்க சார்,
கதிரு என்ன பாவம் பண்ணுச்சு"
என்றாள் தையல்நாயகியிடம்.
திட்டியிருக்கலாம்.

தை பிறந்து அறுத்தேன்.
வைகாசியில் ஜேசிபி வந்தது.
வரத்து வாய்க்காலின் பழைய மதகு
மண்ணுக்குள் எங்கேயோ.
படத்தில் ஒரு புள்ளி,
தரையில் அதுவுமில்லை.
பிலவேந்திரன் மூன்று நாள் தோண்டினான்,
முள்வேரும் ஒரு சைக்கிள் ரிம்மும் வந்தன.
டீசல் கணக்கில் ஊருக்குள் சண்டை.
தண்ணி வராத ஏரிக்குத் தூர் எதுக்கு
என்றார் ஒருவர்.

எனக்குத் தெரியும்.
புழுதி ஓட்டும்போதெல்லாம்
கொழு மோதும் கல்.
எட்டு வருஷம்
அதன்மேல் உரமூட்டை அடுக்கியிருந்தேன்.
டீ கிளாசை வைத்துவிட்டு நடந்தேன்.
செருப்பைக் கழற்றி
கல் இருக்கும் இடத்தில் ஏறி நின்றேன்.
"இங்க வெட்டு."
பிலவேந்திரன் ஒன்றும் கேட்கவில்லை.
நான் நகரட்டும் என்று
எஞ்சினை உறுமவிட்டான்.

மேட்டூர் திறந்து பதினேழாம் நாள்
பாமணி ஆற்றிலிருந்து வந்தது.
முதலில் நுரை,
பிறகு சருகு, ஒற்றைச் செருப்பு, ஒரு பீர் பாட்டில்,
அப்புறம்தான் தண்ணீர்.
ராத்திரி வரப்புகள் ஒவ்வொன்றாய்
கரையும் சத்தம் கேட்டது.
தூங்கினேன் என்று சொல்லமாட்டேன்.

இப்போது என் மோட்டார் கொட்டகைக் கூரையில்
நீர்க்காகம் இறக்கை காயவைக்கிறது.
மீன்பாசிக் குத்தகையைச் சங்கம் எடுத்திருக்கிறது.
நோட்டில் என் பெயரும் உண்டு, கடைசி வரியில்,
பென்சிலால்.
ஏழு மாவுக்கு எத்தனை மூட்டை என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
ஏழு மா தண்ணீருக்கு
எத்தனை கிலோ விரால்?
கணக்கு வரவில்லை.

நேற்று செங்கமலம்
கூடையை இறக்கினாள்.
"உன் வயல்ல பிடிச்சதுதான்,
கிலோ நானூறு."
சில்லறை இல்லை என்றேன்.
"நாளைக்குக் குடு" என்று
தராசைத் தூக்கினாள்.
படிக்கல் பக்கம்
ஒரு நூல் தாழ்ந்தே இருந்தது.